வாசகர் கேள்வி – பதில்: ஃபேட் டயர் மாதிரி ஓர் ஆம்பர் ஏல்

ஆம்பர் ஏல் எனும் செம்பழுப்பு நிறப் பியர் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சட்டம் பற்றிய கேள்வியை முதலில் வைத்திருப்பது வேண்டுமென்றுதான். அதைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர், கடலூர்: வீட்டில் 20 லிட்டர் பியர் காய்ச்சிப் பார்க்க ஆசை. விற்கப் போவதில்லை, நானும் நண்பர்களும் குடிப்பதற்கு மட்டும்தான். சட்டம் தடுக்குமா?

தடுக்கும். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்தத் தேவைக்கு, சின்ன அளவுக்கு என்றெல்லாம் விலக்கு கிடையாது. சமையலறை வாளியில் மால்ட்டை, அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லியை, புளிக்க வைத்தாலும் ‘ஊறல்’ போட்டதாகத்தான் வழக்கு வரும். ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1970-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி அங்கேயும் தயாரிப்புக்கு உரிமம் வேண்டும். அங்குள்ள மைக்ரோ ப்ரூவரிகள் எனும் சிறு பியர் ஆலைகள் அப்படி உரிமம் வாங்கித்தான் நடக்கின்றன. அங்கே வாங்கியதைக் கடலூருக்குக் கொண்டுவந்தால் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் அது தனி வழக்கு.

ஆகவே கீழே உள்ள பதில்கள் இரண்டு வகையினருக்கு: உரிமம் பெற்ற ஆலையில் சோதனைக்காகச் சிறு தொகுதி காய்ச்சுகிறவர்கள், அனுமதி உள்ள நாட்டில் வீடு வைத்திருப்பவர்கள். பிரான்சில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1978-இல் வந்த சட்டம் வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் வரை வரியில்லாமல் விடுகிறது. நூறு காலன் என்பது ஏறத்தாழ 378 லிட்டர். கடலூரில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது ஒன்று கடைசிப் பதிலில் இருக்கிறது.

லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி: பாரிஸ் அருகே மகன் வீட்டில் வருடத்தில் ஆறு மாதம் இருக்கிறேன். முன்பு அமெரிக்காவில் குடித்த ஃபேட் டயர் பியரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதே மாதிரி 20 லிட்டர் காய்ச்ச அளவுகள் தர முடியுமா?

எந்த ஃபேட் டயர் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கொலராடோ மாநிலம் ஃபோர்ட் காலின்ஸில் நியூ பெல்ஜியம் நிறுவனம் 1991-இல் தொடங்கியபோதே வந்த பியர் இது. நிறுவனர்களில் ஒருவரான ஜெஃப் லெபேஷ் வீட்டின் கீழ்த்தளத்தில் காய்ச்சிப் பழகியவர். பெல்ஜியத்தில் தடித்த டயர் சைக்கிளில் சுற்றிய பயணத்திலிருந்து வந்தது பெயர். 2023 ஜனவரியில் நிறுவனம் செய்முறையை மாற்றி, நிறத்தையும் மால்ட் ருசியையும் குறைத்து, பொன்னிற ஏலாக ஆக்கிவிட்டது. நீங்கள் நினைவில் வைத்திருப்பது பழையது. 5.2 சதவீத ஆல்கஹால், 22 ஐபியு கசப்பு, சுட்ட ரொட்டியின் மேலோட்டு வாசம். பேல், மியூனிக், விக்டரி, கிரிஸ்டல் 80 ஆகிய மால்ட்களும் நக்கெட், கோல்டிங்ஸ், வில்லாமெட் ஆகிய ஹாப்ஸும் (கசப்பும் வாசமும் தரும் பூக்கள்) பழைய வடிவத்தில் சேர்ந்தவை. கீழே உள்ள எடைக் கணக்கு எங்களுடையது.

பேல் மால்ட் 3.5 கிலோ, மியூனிக் 500 கிராம், கிரிஸ்டல் 80 என்பது 350 கிராம், விக்டரி 250 கிராம். விக்டரி கிடைக்காவிட்டால் பெல்ஜியத்து பிஸ்கட் மால்ட்டை அதே எடைக்குப் போடலாம். கிரிஸ்டல் வாங்கும்போது கவனம் வேண்டும். இங்கே 80 என்பது நிறத்தைக் குறிக்கும் அமெரிக்க லோவிபாண்ட் அளவு. ஐரோப்பியக் கடைகளில் பையின் மேல் ஈபிசி எனும் ஐரோப்பிய நிற அளவு போட்டிருப்பார்கள், நீங்கள் தேட வேண்டியது 200 ஈபிசி அளவில் உள்ளதை. 80 என்ற எண்ணை மட்டும் பார்த்து 80 ஈபிசி பையை வாங்கினால் நிறமும் வராது, உலர்ந்த திராட்சை ருசியும் வராது.

மால்ட்டை உடைக்கும்போது உள்மணி மூன்று நான்கு துண்டாக வேண்டும், உமி கிழியாமல் முழுசாக இருக்க வேண்டும். உமிதான் பிறகு வடிகட்டி. மாவாக அரைத்துவிட்டால் மால்ட் ஊறிய சாறு கீழே இறங்காமல் களிபோல நின்றுவிடும்.

14 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் கலவை 67 டிகிரியில் நிற்க வேண்டும். பாரிஸ் வீட்டில் மால்ட் 18 டிகிரியில் இருந்தால் தண்ணீர் 74 டிகிரி. புதுச்சேரியில் சாக்கிலேயே மால்ட் 30 டிகிரியில் இருக்கும், அங்கே 72 போதும். இந்த இரண்டு டிகிரியை அலட்சியம் செய்யாதீர்கள். 64-இல் ஊறினால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையே அதிகம் பிரிந்து பியர் தண்ணீராகப் போகும். 70-க்கு மேல் போனால் குடித்து முடித்த பின்னும் இனிப்பு வாயில் ஒட்டும். மூடி, கம்பளி சுற்றி, 60 நிமிடம். முடிந்ததும் ஒரு சொட்டு சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு அதன் மேல் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலம் வந்தால் மாவுச்சத்து மீதம் இருக்கிறது, இன்னும் கால் மணி நேரம் காத்திருங்கள். சோதித்த சொட்டைத் துடைத்து எறியுங்கள், பாத்திரத்தில் திரும்ப விடக் கூடாது.

முதலில் வடிவது கலங்கலாக இருக்கும். அதை மறுபடி மேலே ஊற்றித் தெளிய விடுங்கள். பிறகு 76 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரை மெதுவாக ஊற்றி மால்ட்டை அலசினால் மொத்தம் 24 லிட்டர் போலச் சாறு சேரும். அது 60 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், மூடி போடக் கூடாது. மூடினால் ஆவியோடு போக வேண்டிய டைமெதில் சல்ஃபைடு உள்ளேயே தங்கி, வேகவைத்த மக்காச்சோள நாற்றம் வரும். கொதி ஆரம்பித்ததும் நக்கெட் 11 கிராம், முடிய 20 நிமிடம் இருக்கும்போது கோல்டிங்ஸ் 15 கிராம், 5 நிமிடம் இருக்கும்போது வில்லாமெட் 15 கிராம். நக்கெட்டில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 12 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பையில் 14 என்றிருந்தால் 9.5 கிராம் போதும்.

ஆறவைத்த சாறு 20 லிட்டர், அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) 1.050. யூஎஸ்-05 ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒன்றைத் தூவி 18 டிகிரியில் வையுங்கள். பொங்குவது அடங்கியதும் 20-க்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டால், இடையில் உண்டான வெண்ணெய் வாசத்தை ஈஸ்ட்டே தின்றுவிடும். அடர்த்தி 1.011 அருகே வந்து, மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் முடிந்தது என்று பொருள். வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றுப்பூட்டில் குமிழி நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் குமிழி நின்றுவிடும்.

வில்லியனூர் வாசகர்: மைக்ரோ ப்ரூவரி ஒன்றில் பயிற்சியில் இருக்கிறேன். தனியாக 20 லிட்டர் சோதனைத் தொகுதி ஆம்பர் ஏல் போட அனுமதி தந்தார்கள். ஏசி அறையில் 24 டிகிரியில் வைத்தேன். வாழைப்பழ வாசமும் நெயில் பாலிஷ் வாசமும் வருகிறது. குடித்தால் தொண்டை எரிகிறது. இறுதி அடர்த்தி 1.008 காட்டியது. நுரையும் சரியில்லை. என்ன தவறு?

ஏசி காட்டும் 24 அறைக் காற்றின் அளவு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே வெப்பத்தைக் கிளப்பும். 20 லிட்டர் பாத்திரத்தின் நடுவில் 3 முதல் 5 டிகிரி வரை கூடும். உங்கள் பியர் 27, 28-இல் பொங்கியிருக்கிறது. சித்திரை வெயிலில் இட்லி மாவு சட்டியைத் தாண்டி வழிகிற மாதிரிதான் இதுவும். ஆனால் மாவில் புளிப்பு மட்டுமே கூடும், இங்கே ருசியே மாறிவிடும். வாழைப்பழ வாசம் ஐசோஅமைல் அசிடேட், நெயில் பாலிஷ் வாசம் எத்தில் அசிடேட், தொண்டை எரிவது ஃபியூசல் எனும் கனமான ஆல்கஹால்கள். மூன்றும் சூட்டில் ஈஸ்ட் அவசரப்படுவதால் வருபவை. ஃபியூசல் பாட்டிலில் எத்தனை மாதம் கிடந்தாலும் போகாது. அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுங்கள்.

இந்தக் கரையோரத்தில் ஆம்பர் ஏல் ஜெயிப்பதும் தோற்பதும் ஈஸ்ட் போட்ட முதல் 72 மணி நேரத்தில். உயர்ந்த மால்ட் வாங்குவதற்கு முன் ஒரு பழைய ஃபிரிட்ஜும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்குங்கள். கருவியின் உணர்முனையை ஃபிரிட்ஜுக்குள் அந்தரத்தில் தொங்கவிட்டால் பயனில்லை. பாத்திரத்தின் பக்கவாட்டில், சாறு நிற்கும் மட்டத்துக்குப் பாதி உயரத்தில் வைத்து, அதன் மேல் நான்காக மடித்த துணியை வைத்து, டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். அப்போதுதான் அது காற்றை விட்டுச் சாற்றின் சூட்டைப் படிக்கும். 18-இல் வையுங்கள். ஃபிரிட்ஜ் கிடைக்கும் வரை, பாத்திரத்தைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் பாதி மூழ்க வைத்து, உறைய வைத்த 2 லிட்டர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் சூடு ஏறிவிடும்.

ஈஸ்ட் போடும்போது சாறு எத்தனை டிகிரி என்று நீங்கள் எழுதவில்லை. அங்கேயும் தவறு நடந்திருக்கலாம். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் 35-ஐத் தாண்டும். அதைச் சாற்றுக்குள் இறக்கிய செம்புச் சுருளில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சாறு அதற்குக் கீழே இறங்காது. குழாய்த் தண்ணீரால் 40 வரை இறக்கிவிட்டு, பிறகு ஒரு வாளி ஐஸ் தண்ணீரைச் சின்ன பம்ப் வைத்து அதே சுருளில் சுற்றவிடுங்கள். 18-க்கு வந்த பிறகே ஈஸ்ட்.

1.008 பற்றிக் கவலை வேண்டாம். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது, கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்கும். 30 டிகிரியில் திரவம் விரிந்து இலேசாவதால் மிதவை 0.0026 அளவுக்குக் கூடுதலாக இறங்கும். மாதிரி அந்தச் சூட்டில் இருந்திருந்தால் உங்களுடைய 1.008 உண்மையில் 1.0106, எதிர்பார்த்த இடம்தான். அளப்பதற்கு முன் மாதிரியை இரண்டு டம்ளருக்கு இடையே டீ ஆற்றுவது போல ஆற்றி வாயுவைப் போக்குங்கள். குமிழி மிதவையில் ஒட்டினால் எண் ஏறிக் காட்டும்.

நுரை கெட்டதற்கு முதல் சந்தேகம் எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் நுரையைக் கொல்லும்.

நெல்லிக்குப்பம் வாசகர்: கிரிஸ்டல் மால்ட் விலை அதிகம் என்று மைக்ரோ ப்ரூவரியில் வேலை செய்யும் என் தம்பி சொல்கிறான். நிறத்துக்கு வெல்லம் போட்டால் என்ன? எங்கள் ஊரில் கரும்புக்குப் பஞ்சமில்லை.

நிறம் வரும், ஆம்பர் ஏல் வராது. வெல்லத்தில் உள்ளது பெரும்பாலும் சுக்ரோஸ். ஈஸ்ட் அதை மிச்சமின்றித் தின்றுவிடும். இனிப்பு போய், பியரின் கனம் குறைந்து, கரும்புச் சாற்றின் கசடு வாசம் மட்டும் நிற்கும்.

கிரிஸ்டல் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும். முளைவிட்ட பார்லியை உலர்த்தாமல், ஈரத்தோடே மூடிய உருளையில் 65 டிகிரி அருகே வேகவைக்கிறார்கள். உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகி, ஒவ்வொரு மணிக்குள்ளும் பாகு சேர்கிறது. பிறகு சூட்டைக் கூட்டி வறுக்கும்போது அந்தப் பாகு உறைந்து கண்ணாடி போல ஆகிறது. ஒரு மணியைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பேல் மால்ட் உள்ளே வெள்ளை மாவாக உதிரும். கிரிஸ்டல் கருஞ்சிவப்பாக, கடலை மிட்டாய்ப் பாகு மாதிரி பளபளக்கும். வறுக்கும்போது உருவாகும் பொருள்களில் ஒரு பங்கை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அதுதான் பியரில் நிற்கும் இனிப்பும் கனமும். ஆகவே கிரிஸ்டலைக் குறைக்க வேண்டாம்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் விக்டரியில் கை வைக்கலாம். பேல் மால்ட்டை ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி, ஓவனில் 175 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், இடையில் இரண்டு தடவை கிளறி வறுத்தால் பிஸ்கட் வாசம் வந்துவிடும். அதை உடனே போடக் கூடாது. காகிதப் பையில் பத்து நாளாவது வைத்துக் காரலை ஆற விடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எந்த மால்ட்டையும் முதலில் கடித்துப் பார்க்க வேண்டும். நொறுங்காமல் ரப்பர் போல மசிந்தால் ஈரம் குடித்துவிட்டது. அது அரவை ஆலையில் உடையாது, நசுங்கும்.

முத்தியால்பேட்டை வாசகி: கணவர் பியர் ஆலையில் வேலை செய்கிறார். போர்வெல் தண்ணீரில் காய்ச்சிய சோதனைத் தொகுதி உப்புக் கரித்ததாம். குழாய்த் தண்ணீரில் காய்ச்சியது மருந்துக் கடை வாசம் வந்ததாம். பிறகு எந்தத் தண்ணீர்?

ஆர்ஓ தண்ணீர். கடலோரத்தில் பல போர்வெல்களில் உப்பு ஏறியிருக்கிறது. கொதிக்க வைப்பதால் உப்பு போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கரிக்கும். மருந்து வாசத்துக்குக் காரணம் குளோரின். அது மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிறது. நாக்குக்கு அது துளி இருந்தாலும் தெரியும். குழாய்த் தண்ணீரே வேண்டுமென்றால் 30 லிட்டருக்குக் கால் கிராமுக்கும் குறைவாகப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கலக்கினால் குளோரின் முறிந்துவிடும். பாத்திரங்களைப் பிளீச்சிங் பவுடரில் கழுவியிருந்தாலும் இதே வாசம் வரும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஆர்ஓ தண்ணீரில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லை. 30 லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு 4 கிராம், ஜிப்சம் 2 கிராம் சேர்த்தால் கால்சியம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். குளோரைடு கூடுதலாக நிற்பதால் மால்ட் ருசி உருண்டு தெரியும். ஜிப்சத்தைக் கூட்டினால் ஹாப்ஸ் கசப்பு முன்னே வந்து நிற்கும், அது இந்தப் பியருக்கு ஆகாது.

அரியாங்குப்பம் வாசகர்: சித்தப்பா சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்), ஓய்வுக்குப் பின் பிரான்சிலேயே இருக்கிறார். அவர் காய்ச்சிய பியரில் இரண்டு பாட்டில் வெடித்துவிட்டன. மீதியை என்ன செய்வது?

இன்றே, முகத்துக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் போட்டுக்கொண்டு, துண்டால் சுற்றி ஒவ்வொன்றாக ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகு மூடியை மெல்ல நெம்பி வாயுவை விட்டு மறுபடி மூடலாம்.

காரணங்கள் மூன்று. அடர்த்தி நிலைப்பதற்கு முன் அடைத்தது ஒன்று. சர்க்கரையை ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்பூனால் போட்டு அளவு தவறியது ஒன்று. 20 லிட்டருக்கு 120 கிராம் வெள்ளைச் சர்க்கரையைக் கால் லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, மொத்தப் பியரிலும் கலந்த பிறகு நிரப்புவதே சரி. மூன்றாவது, கழுவாத பாட்டிலில் இருந்த காட்டு ஈஸ்ட். அந்தப் பாட்டில்களின் கழுத்தில் பியர் மட்டத்தை ஒட்டி வளையம் போலப் படிவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் சந்தேகம் மூன்றாவதின் மேல்தான். பாட்டில் பழுப்பு நிறமாகவே இருக்கட்டும். வெள்ளை, பச்சைக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றமெடுக்கும்.

மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்: மது வேண்டாம். அந்த மால்ட் ருசி மட்டும் வீட்டில் எல்லோரும் குடிக்கிற மாதிரி கிடைக்குமா?

கிடைக்கும், ஈஸ்ட் சேர்க்காததால் சட்டச் சிக்கலும் இல்லை. கிரிஸ்டல் மால்ட் 250 கிராமை ஒன்றிரண்டாக உடைத்து, 70 டிகிரியில் உள்ள 2 லிட்டர் தண்ணீரில் 30 நிமிடம் ஊற வையுங்கள். வெப்பமானி இல்லையென்றால், கொதிக்கும் தண்ணீர் மூன்று பங்கில் அறைச் சூட்டுத் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். துணியில் வடிகட்டுங்கள், பிழிய வேண்டாம். பிழிந்தால் உமியின் துவர்ப்பு இறங்கும். வடித்த சாற்றில் தட்டிய இஞ்சி 30 கிராம், சர்க்கரை 100 கிராம் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியதும் ஒரு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். ஒரு பங்கு சாறுக்கு இரண்டு பங்கு குளிர்ந்த சோடா. சோடாவைக் கடைசியில், டம்ளரின் ஓரமாக ஊற்றினால் நுரை நிற்கும்.

சாற்றை ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மூடிய பாட்டிலில் வெளியே வைக்கவே கூடாது. காற்றில் உள்ள ஈஸ்ட் நம் ஊர்ச் சூட்டில் ஒரே இரவில் அதில் வேலையை ஆரம்பித்துவிடும். மறுநாள் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வந்தால் அதை யாருக்கும் கொடுக்காமல் கொட்டிவிடுங்கள்.